கொம்பு கழற்றிய வண்டி

பதிவு மேசையிலிருந்து எழுந்து வந்த ரூலாண்ட்
என் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்,
சந்தையில் மாடு பார்ப்பவரைப் போல.
"கொம்பு ஆகாதும்மா, விதி" என்றார்.
கைப்பிடியின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருந்த
கறுப்புக் கொம்புகளை அவரே திருகிக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தார்.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
முதுகில் அறுபத்தொன்று.
நான்கு ஊசிகளில் ஒன்று சதையையும் சேர்த்துக் குத்தியது.

ஃபிளாண்டர்ஸ், நவம்பர்.
மூன்று நாள் மழை
கிழங்கு பிடுங்கிய வயலைக் கூழாக்கியிருந்தது.
சுற்றிலும் வளைந்த கைப்பிடிகள், ஒல்லி டயர்கள்,
ஒரு விரலில் தொங்கவிடலாம் போன்ற வண்டிகள்.
என்னுடையது பதினான்கு கிலோ மௌண்டன் பைக்,
அக்காவின் முன்னாள் கணவன்
வாங்கிய கடனுக்கு ஈடாக விட்டுப்போனது.

நான் கென்ட் நகரில் டிராம் ஓட்டுகிறவள்.
பதினோரு வருடமாக
எல்லா வளைவிலும் தண்டவாளமே திரும்பிக்கொள்கிறது.
வேலியில் போன ஓணானை
எதற்கு எடுத்து விட்டுக்கொண்டேன் என்று
யோசிப்பதற்குள் விசில்.

முதல் வளைவிலேயே கடைசி.
வண்டி ஒரு பக்கம் போக விரும்பியது,
நான் ஒரு பக்கம்,
சேறு இருவரையும் கேட்கவில்லை.

பிறகு பலகைகள். முழங்கால் உயரம், இரண்டு.
மற்றவர்கள் ஓடுகிற வண்டியிலிருந்து
தண்ணீர் வழிவதுபோல் இறங்கினார்கள்.
நான் நின்றேன். நிறுத்தத்தில் நிற்பதுபோல் முறையாக நின்று,
இறங்கி,
தூக்கி,
தண்ணீர்ப் புட்டித் தாங்கி விலா எலும்பில் இடிக்க
அந்தப் பக்கம் வைத்தேன்.
கதவு மூடும் மணி மட்டும்தான் அடிக்கவில்லை.
மயோனைஸ் வழியும் வறுவல் பொட்டலத்தோடு ஒரு பையன்
கயிற்றுக்கு அப்பாலிருந்து கத்தினான்:
"டிராக்டர் வருது, டிராக்டர்! வழி விடுங்க!"
வழி விட எனக்குப் பின்னால்தான் யாருமே இல்லையே, தம்பி.

பீச் மரத் தோப்புக்குள் சரிவு.
வேர்கள், ஈரமாய், குறுக்கும் நெடுக்கும்.
அங்கே ஒல்லி டயர்கள் தயங்கின, கால் ஊன்றின.
என் முன்கவையின் ஸ்பிரிங்
வேர் வேராக விழுங்கிக்கொண்டு போனது.
நீலச் சட்டை ஒருத்தியைக் கடந்தேன்.
கடந்தேன்!
அவள் சொன்ன வார்த்தையை
டிராமில் சொன்னால் இறக்கிவிட்டிருப்பேன்.

பலகையில் அவள் என்னைக் கடந்தாள்.
வேரில் நான். பலகையில் அவள்.
மூன்று சுற்றும் இப்படியே.
முகம் தெரியாது.
அவள் முதுகுச் சேற்றின் வடிவம் மட்டும் மனப்பாடம்,
ஒரு சமயம் கோழி, ஒரு சமயம் இத்தாலி.

மணல் குழியில் நாக்குத் தள்ளி
வண்டியை உருட்டிக்கொண்டிருந்தபோது
கடைசிச் சுற்று மணி அடித்தது.
எனக்கல்ல.
முன்னணிப் பெண் என்னை ஒரு முழுச் சுற்று முந்தி
மன்னிப்புக் கேட்பதுபோல் உரசிப் போனாள்.
முந்தப்பட்டவர்கள் அவளோடு முடித்துக்கொள்ள வேண்டும்.
எனக்குப் பாக்கியிருந்த சுற்றை
யாரும் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

வண்டி கழுவும் வரிசையில்
குழாய்த் தண்ணீரின் கீழிருந்து ஒரு முகம் வெளிவந்தது.
ஐம்பது வயதிருக்கும். பல் ஒன்று சற்றே முன்னால்.
"சபீன்" என்று கை நீட்டினாள்.
"அந்த வேரில் பிரேக்கே பிடிக்காமல் எப்படி இறங்கினாய்?"
"விட்டுவிட வேண்டியதுதான்" என்றேன்.
இரண்டாம் சுற்றிலிருந்து
பிரேக்கில் புல்லும் களிமண்ணும் அடைத்துப்போய்
பிடித்தாலும் பிடிக்காது என்பதை
சொல்லவில்லை.

திங்கள், காலை ஐந்து நாற்பது.
கோட்டுப் பையில் கொம்புகள் இன்னும் கிடக்கின்றன,
உட்காரும்போது இடுப்பில் குத்துகின்றன.
காதுமடலுக்குப் பின்னால்
விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு பொருக்கு.
கொரென்மார்க்ட் திருப்பத்தில்
என் இடது தோள் தானாகச் சாய்ந்தது,
முழங்கால் வெளியே விரிந்தது.
தண்டவாளம் கண்டுகொள்ளவில்லை.
முன் இருக்கையில், வேலைமுடிந்து திரும்பும் காவலாளி
தூக்கத்திலிருந்து விழித்து
கம்பியைப் பிடித்துக்கொண்டார்.